தலைகீழ் மேடம்

கோலிகுண்டு கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, பிறகு ஹாலை நோக்கி உருளத் தொடங்கியது. கிரகப்பிரவேச வீடு. ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை. பசுவை இப்போதுதான் வெளியே ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்குள் அகஸ்டினா குளியலறை வாசலில் குனிந்து, கைப்பையிலிருந்து எடுத்த பச்சைக் கோலியைப் புத்தம்புது டைல்ஸ் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்த வீட்டுக்காரர் கோலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "குளிக்கிற தண்ணி ஹாலுக்குத்தாங்க வரும். டைல்ஸ் போட்டவன திருப்பிக் கூப்புடுங்க. இப்பன்னா ரெண்டு நாள் வேல, அப்புறம்னா ஒடைக்கணும்" என்றார் அகஸ்டினா. வாழ்த்தெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது.

செண்பகம் நகரில் யார் வீடு கட்டினாலும், பத்திரிகை வைக்கும்போது இந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போய்விடலாமா என்று யோசிப்பார்கள். தாண்டினால் கோபித்துக்கொள்வார்; கூப்பிட்டால் கோலியோடு வருவார். இரண்டில் எது குறைந்த கஷ்டம் என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறவராகச் சேர்ந்தார்; நிலம் அளக்க ஆள் போதவில்லை என்று வெயிலுக்கு அனுப்பினார்கள்; வெயிலிலேயே ஓய்வு பெற்றார். கனகசெட்டிக்குளத்திலிருந்து வீராம்பட்டினம் வரை அவர் மட்டம் பார்க்காத சாலை கிடையாது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இங்க சரிவு நூத்துக்கு ஒண்ணு. இங்க எரநூத்துக்கு ஒண்ணு போட்டாங்க, நான் வேணாம்னேன், கேக்கல, இப்ப பாருங்க குளம் மாதிரி நிக்குது" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்தில் இருப்பவர் காலாப்பட்டில் இறங்க வேண்டியவராக இருந்தாலும் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவார்.

அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் நிலம் அளப்பவர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். அவரிடமிருந்து வந்த சொத்து, மீட்டரை 'மெத்ரு' என்று சொல்லும் பழக்கமும், 'சுமார்' என்ற சொல்லின் மேல் ஒரு தீராத வெறுப்பும்தான். காய்கறிக் கடையில், "சுமாரா அரை கிலோ இருக்கும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "சுமாருன்னா தராசு எதுக்கு வச்சிருக்க? அத எடுத்து உள்ள வையி." கணவர் அல்போன்ஸ் இந்த நேரங்களில் எதிர்க்கடையில் கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கோயிலிலும் இதே கதைதான். பீடத்துக்கு மேல் தொங்கும் சிலுவை இடப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று பங்குச் சாமியாரிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். "ஆண்டவரே சாய்ஞ்சுதாம்மா தொங்குனாரு" என்று சாமியார் சிரித்தார். "அவரு சாயலாம் சாமி. மரம் சாயக் கூடாது" என்றார் அகஸ்டினா. இப்போது அந்தச் சிலுவை கண்ணில் படாத தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பூசை பார்க்கிறார்.

இவரிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. எந்தக் காகிதத்தையும் தலைகீழாகவே சரளமாகப் படிப்பார். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் எழுதுவதை இந்தப் பக்கம் உட்கார்ந்தே வாசித்துவிட்டு, "பி-காம்ப்ளெக்ஸ் போன தடவையே குடுத்தீங்களே" என்பார். அது மாயமந்திரம் இல்லை. முப்பத்தைந்து வருடம் அவர் கண் வைத்துப் பார்த்த கருவி அப்படி.

அந்தக் கருவி இப்போதும் வீட்டில் இருக்கிறது. லூர்து மாதா படத்துக்குக் கீழே, தேக்குப் பெட்டிக்குள். பழைய மட்டக் கருவி. அலுவலகத்தில் அதை டம்பி லெவல் என்பார்கள். பித்தளைத் தொலைநோக்கிக் குழாய், அதோடு சேர்த்துப் பதித்த ரசமட்டக் குமிழி, கீழே மூன்று திருகு, ஒரு முக்காலி. எண்ணைக் காட்டித் தானே கணக்கும் போட்டுவிடும் புது மெஷின்கள் வந்தபோது இதைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அகஸ்டினா ஏலத்தில் எடுத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, அல்போன்ஸின் பழைய மல் வேட்டித் துணியால் கண்ணாடியைத் துடைப்பார்.

பழசு என்றால் உருகுகிற ஆள் இல்லை அவர். அம்மி, ஆட்டுக்கல், மண்பானைத் தண்ணீர் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, ஏசி இருக்கிறது. கருவி விஷயத்தில் மட்டும் அவர் கட்சி வேறு. "புது மெஷின் நம்பர் சொல்லும். சரியா தப்பான்னு கேட்டா அதுக்கும் நம்பர்தான் சொல்லும். இது அப்படி இல்ல. குமிழி நடுவுல நிக்கலன்னா நானே பாத்து தெரிஞ்சிக்குவேன். தப்பு பண்ணா எங்க பண்ணேன்னு காட்டிக் குடுக்கும். மனுசனுக்கே இந்த குணம் இல்ல."

மனுசர்களைப் பற்றி அவர் இப்படிப் பேசுவதற்குக் காரணம் செண்பகம் நகர். ரெட்டியார்பாளையம் தாண்டி, வயலாக இருந்து மனையான இடம். படித்தவர்கள் நிறைந்த நகர் என்று குடியிருப்போர் சங்கத்து ஆண்டுமலரில் போட்டிருக்கிறார்கள். போன கிரகணத்தன்று அந்தப் படித்தவர்கள் எல்லாரும் சங்கத் தலைவர் பலராமன் வீட்டு போர்ட்டிகோவில் கூடி, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிரகண நேரத்தில் மட்டும்தான் உலக்கை தானாக நிற்குமாம். அகஸ்டினாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, அதே உலக்கையை இரவல் வாங்கி, அதே தாம்பாளத்தில், பால் வாங்க வந்தவர்கள் முன்னால் நிறுத்திக் காட்டினார். அடிப்பூண் தட்டையாக இருந்தால் எந்த உலக்கையும் நிற்கும் என்றார். கூட்டம் சற்று நேரம் உலக்கையையே பார்த்தது. பிறகு பலராமன், "அப்ப இன்னிக்கும் எங்கனாச்சும் கிரகணம் இருக்கும். நமக்கு தெரியல" என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பால் பாக்கெட்டோடு போனார்கள். இவர்களோடு யார் என்ன பேசுவது?

பலராமன் லேசான ஆள் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. உலகம் சுற்றியவர். பேச்சை, "இருவது வருசம் பிரான்ஸ்ல இருந்தவன் நானு" என்றுதான் தொடங்குவார். அப்படித் தொடங்கிய ஒரு பேச்சில்தான், தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்காலை நகர்க்காரர்களே போட்டுவிடலாம் என்ற முடிவு வந்தது. அதுவரை எல்லாம் சரி. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு அவர் பிரேம்குமாரைக் கூட்டிவந்தார். பிரேம்குமார் வாஸ்து நிபுணர். நான்கு வருடத்துக்கு முன்னால் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவர். தெருமுனையில் நின்று, போனில் இருந்த திசைகாட்டியைத் திறந்து, அம்பு ஆடி நிற்கும் வரை காத்திருந்து, "தண்ணி ஈசானியத்துக்குத்தான் போவணும். மேற்க போனா அந்தத் தெருவுல ஆம்பளைங்களுக்கு ஆவாது" என்றார்.

தண்ணீர் வெளியேற இந்தத் தெருவில் ஒரே ஒரு வழிதான் உண்டு. மேற்குக் கோடியில், தெருவைவிடத் தாழ்வாக ஓடும் பழைய பாசன வாய்க்கால். பிரேம்குமார் காட்டிய ஈசானியத்தில், அதாவது தெருவின் வடகிழக்குக் கோடியில், அடுத்த மனைக்காரரின் எட்டடி மதில் இருக்கிறது. மதிலை ஒட்டி அஞ்சலாட்சியின் வீடு இருக்கிறது. அங்கே ஒரு குழி வெட்டி, தெருத் தண்ணீர் முழுவதையும் அதில் விடுவது என்று திட்டம்.

அஞ்சலாட்சி மாவரைத்து விற்பவள். புருஷன் போய் ஐந்து வருடம் ஆகிறது. முன்னறையில் மூன்று பெரிய கிரைண்டர். மோட்டார்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். தெருவில் பாதி வீட்டு இட்லி அவள் கையில்தான் இருக்கிறது. அந்த மூன்று மோட்டாரும் தண்ணீரில் மூழ்கினால் அவளுக்கு மறுபடி எழ வழி கிடையாது. அகஸ்டினாவுக்கு நாள் தவறாமல் காலையில் ஒரு தூக்கு மாவு வந்துவிடும். பதிலுக்கு அகஸ்டினா, அவளுடைய ஒவ்வொரு கிரைண்டரின் கால்களுக்கும் அட்டை வைத்து மட்டம் பண்ணிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் சிநேகத்தை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெட்டி வெளியே வந்தது. நடுத்தெருவில் முக்காலியை ஊன்றி, மூன்று திருகையும் மாற்றி மாற்றித் திருகிக் குமிழியை நடுவில் நிறுத்தினார் அகஸ்டினா. அல்போன்ஸ் நாலு மீட்டர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு இந்த வேலைதான். "நேரா புடிங்க. தூங்காதீங்க. பின்னால சாயுது பாருங்க." பத்து மீட்டருக்கு ஒரு அளவாக, பச்சை அட்டை போட்ட லெவல் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்குள் கணக்கு முடிந்தது. அஞ்சலாட்சி வீட்டுத் தரை, மேற்குக் கோடிச் சாலையைவிட முப்பத்தொரு சென்டிமீட்டர் தாழ்வு. தெருத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால், அது மேற்குச் சாலை உயரத்துக்கு ஏறி வழியும் வரை அவள் வீட்டுக்குள்தான் நிற்கும். பத்து சென்டிமீட்டர் மழை பெய்து, பாதியை மண் குடித்தாலும், மிச்சம் நாலு லட்சம் லிட்டர். குழி கொள்வது ஆறாயிரம்.

இதையெல்லாம் மூன்று பக்கத்தில் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது, அதன் பின்பக்கம் வீராம்பட்டினம் தேருக்கு வேனில் போய்வந்தவர்கள் பெயர் வரிசையாக எழுதியிருந்தது.

வாய்க்காலை முடிவு செய்யும் சங்கக் கூட்டத்தன்று, பலராமன் வீட்டுக்குக் கருவியையே தூக்கிக்கொண்டு போனார். காகிதத்தைத்தான் படிக்க மாட்டார்கள், கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தார். படித்த முட்டாள்தனம் என்றால் இதுதான். போர்ட்டிகோ வாசலில் முக்காலியை நிறுத்தி, அஞ்சலாட்சி வீட்டு வாசலில் அல்போன்ஸை அளவுகோலோடு நிற்க வைத்து, பலராமனை வந்து பார்க்கச் சொன்னார். பலராமன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னாம்மா இது. தலைகீழா தெரியுது."

"அது அப்படித்தாங்க தெரியும். நேராக்கணும்னா உள்ள இன்னும் ரெண்டு கண்ணாடி போடணும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் வெளிச்சத்த தின்னுடும். அதனால போடல. பழகிட்டா ஒண்ணும் தெரியாது. நீங்க நடுக் கோட்டுல இருக்குற நம்பர மட்டும் பாருங்க."

"உங்க வூட்டுக்காரரு தலகீழா நிக்கிறாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு முறை குனிந்து பார்த்தார்கள். நம்பரை யாரும் பார்க்கவில்லை. அல்போன்ஸ் ஆகாயத்திலிருந்து தொங்குவதைப் பார்க்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். குழந்தைகளையும் தூக்கிக் காட்டினார்கள். அல்போன்ஸ், ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினார்.

பிரேம்குமார் ரொம்பப் பணிவாகத் தன் போனை எடுத்துக் காட்டினார். "மேடத்து மிஷின குறை சொல்லலைங்க. பெரியவங்க. ஆனா உலகமே தலைகீழா தெரியுற மிஷின வச்சிக்கினு மேடு எது பள்ளம் எதுன்னு எப்படிங்க சொல்றது? இதுல பாருங்க, நேரா தெரியுது. கலர்லயே தெரியுது."

அகஸ்டினா பதில் சொன்னார். கண்ணாடி எப்படிப் படத்தைத் திருப்புகிறது என்று சொன்னார்; மனுசன் கண்ணுக்குள்ளேயே படம் தலைகீழாகத்தான் விழுகிறது என்றும் சொன்னார். அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம். "பாத்தியா, நம்ம கண்ணே தலைகீழுங்கிறாங்க" என்று ஒருவர் தொடையில் தட்டினார். பலராமன் அன்பாக, "ரொம்ப படிச்சா இதாம்மா தொந்தரவு. சின்ன விசயம் தெரியாது" என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். ஈசானியத்துக்கு முப்பத்தொரு கை. எண்ணிக்கொண்டு வந்த அகஸ்டினாவின் விரல், கடைசி வரிசையில் நின்றது. மாவு காய்ந்த வெள்ளை விரல்களோடு அஞ்சலாட்சியும் கை தூக்கியிருந்தாள்.

அன்று சாயங்காலமே நகரின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் வைத்துவிட்டார்கள், தலைகீழ் மேடம் என்று. யாரோ அல்போன்ஸ் படத்தையே திருப்பிப் போட்டு ஸ்டிக்கர் செய்திருந்தார்கள். அகஸ்டினா போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பெயருக்கெல்லாம் அவர் வருத்தப்படவில்லை. அந்த வெள்ளை விரல்கள்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன. மறுநாள் காலை தூக்கை எடுத்துக்கொண்டு தானே போனார்.

"தண்ணி உன் வூட்டுக்குத்தான் வருது. உனக்கு நல்லா தெரியும். நான் கணக்குப் போட்டு காட்டுனேன் இல்ல?"

அஞ்சலாட்சி கிரைண்டரை நிறுத்தவில்லை. கையை உள்ளே விட்டு மாவைத் தள்ளிக்கொண்டே பேசினாள். "காட்டுனீங்க அக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பின்ன ஏன் கைய தூக்குன?"

"மேற்க தண்ணி போனா ஆம்பளைக்கு ஆவாதுன்னு பிரேம்குமார் சொல்லிட்டாரே. எங்கூட்டு தண்ணி மேற்க பாத்துதான் போய்க்கினு இருந்துச்சி. அவரு போயிட்டாரு. இப்ப பையன் ஒருத்தன்தான் இருக்கான். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா, நீங்க சொன்னீங்கன்னு நான் கை தூக்காம வுட்டேன்னுதான தோணும்? மோட்டார் போனா மோட்டார்தான் அக்கா."

உன் புருஷன் போனது சர்க்கரை நோயை மதிக்காததால் என்று அகஸ்டினாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுக்கு வந்து அல்போன்ஸிடம் கத்தினார். "பயமுறுத்துறவன் ஒரு வரில பயமுறுத்திட்டுப் போறான். நான் மூணு பக்கம் எழுதணும்." அல்போன்ஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நீயும் ஒரு வரில சொல்லேன்" என்றார். முப்பத்தெட்டு வருடம் கோல் பிடித்தவர் சொன்ன முதல் யோசனை அது.

புரட்டாசியில் வாய்க்கால் வேலை முடிந்தது. அடுக்கு மாலையும் கற்பூரமுமாகக் குழிக்குப் பூசை நடந்தது. அதற்கு மறுநாள் அகஸ்டினா அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனார். முன்னறைச் சுவரில் பென்சிலால் தரையிலிருந்து முப்பத்துநாலு சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டார்: முப்பத்தொன்று மட்டத்துக்கு, மூன்று வழிந்தோடுவதற்கு. பிறகு, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"ஒரு பழைய புஸ்தகத்துல பாத்தேன். மோட்டார் வச்ச சாமான் தரையில இருக்கக் கூடாதாம். அக்கினி மூலையில ஒண்ணரை அடி மேடை போட்டு, அது மேலதான் வைக்கணுமாம். இல்லன்னா" என்று நிறுத்தினார். "இல்லன்னா பையனுக்கு நல்லது இல்லையாம்."

அஞ்சலாட்சி கிரைண்டரை நிறுத்தினாள். இரண்டு மாதமாக முப்பத்தொன்று, நாலு லட்சம், ஆறாயிரம் என்று எத்தனை சொன்னாலும் நிற்காத கிரைண்டர் அது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா" என்றாள். வாரம் முடிவதற்குள் கொத்தனார் வந்து மேடை கட்டிவிட்டுப் போனார். அது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட அகஸ்டினா போகவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, பொய் சொன்னேன் என்றார். யாருக்காவது கெடுதலா என்று சாமியார் கேட்டார். இல்லை, நல்லதுதான் என்றார். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். அளவு போதாது என்று பட்டதால் ஒன்பது சொன்னார்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் ஊற்றியது. குழி முதல் ஒரு மணி நேரத்தில் நிறைந்தது. அதன் பிறகு தெருத் தண்ணீர் எல்லாம் பூசை போட்டு அழைத்த விருந்தாளி போல, நேராக அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனது. இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலை, முழங்கால் சேற்றில், கையில் டேப்போடு அகஸ்டினா உள்ளே நுழைந்தார். கட்டில் போயிருந்தது, அரிசி மூட்டை போயிருந்தது, பீரோவின் கீழ்த்தட்டு ஊறிப் போயிருந்தது. மேடை மேல் மூன்று கிரைண்டரும் காய்ந்த காலோடு நின்றன. சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்தார். முப்பத்து மூன்று. ஒரு சென்டிமீட்டர் எங்கே தப்பினோம் என்று ஒரு நிமிடம் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகுதான் கோட்டைப் பார்த்தார். அவர் போட்ட பென்சில் கோட்டின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

"வாஸ்துதான் அக்கா காப்பாத்துச்சி" என்றாள் அஞ்சலாட்சி. அழுது வீங்கிய முகம், அதில் சிரிப்பு. "எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. தண்ணி கோட்டத் தாண்டலன்னு பலராமன் சாரு கையெடுத்து கும்பிட்டாரு. குழி ஆழம் பத்தலையாம், இன்னும் அஞ்சடி வெட்டணும்னு பிரேம்குமார் சொல்லிட்டாராம். அதுக்குள்ள நீங்க பாத்த அந்த புக்க ஒரு தடவ பாக்கணுமாம். குடுத்து அனுப்பச் சொன்னாரு."

அகஸ்டினா வாயைத் திறந்தார். இந்த நகரையே ஒரு முறை தலைகீழாகத் தூக்கி உதற வேண்டும் போல இருந்தது. எதிரே நின்றவளின் சேறு காய்ந்த காலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். தேக்குப் பெட்டியைத் திறந்தார். பச்சை அட்டை போட்ட லெவல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். தெருவின் பத்து மீட்டருக்கு ஒரு அளவு, கடைசிப் பக்கத்தில் மேற்கே பார்த்து ஓர் அம்பு, அதன் கீழே இரண்டு முறை அடிக்கோடு போட்டு 'வாய்க்கால்' என்ற ஒரே சொல்.

"இதான் புஸ்தகம்" என்றார். "படிக்கச் சொல்லு. கடைசிப் பக்கம் வரைக்கும்."

அஞ்சலாட்சி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இடது கண், வலது கண். திறக்கவில்லை. "சாயங்காலம் விளக்கேத்தினப்புறம் குடுத்தனுப்புறேன் அக்கா" என்று சொல்லி, சாமி படங்களுக்கு நடுவே அதைச் சுவரில் சார்த்தி நிறுத்தி, ஒரு சாமந்திப் பூவையும் மேலே வைத்தாள்.

புத்தகம் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அகஸ்டினா அதைப் பார்த்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, பூ விழாமல், சுண்டுவிரலால் அதை நேராக நிமிர்த்தி வைத்தார்.